பிள்ளைமேட்டைச் சுற்றி ஒரு பாதை

ஜூலை 4, வெள்ளி

வேலை இன்று ஆரம்பித்தது. கடலோர ஊர்களுக்கு நடுவே ஜனங்கள் நடந்துபோகும் ஒற்றையடிப் பாதைகளை நாங்களும் நடந்து பார்த்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் வந்து கடலைப் பார்த்தபடி நடக்கத் தோதான பாதைகளைத் தேர்ந்தெடுத்து, நிழலும் குடிதண்ணீரும் உட்கார இடமும் செய்துகொடுக்கும் திட்டம். ஆற்று முகத்துவாரத்திலிருந்து தெற்கே புன்னந்தாழை வரையுள்ள பகுதி எனக்கும் ரஹ்மத் நிஷாவுக்கும். யாரும் கேட்காத பகுதி என்பதால் எனக்கு வந்தது. புன்னந்தாழை என் கணவர் டெரன்ஸின் சொந்த ஊர். அது தற்செயல்.

நிஷாவுக்கு மேலப்பாளையம். போன வருடம்தான் படிப்பை முடித்திருக்கிறாள். இடம் குறிக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடுகிறாள். நண்டு வளையைக் கண்டால் நின்றுவிடுகிறாள். வழியெல்லாம் பேச்சு. எனக்கு அது வசதியாக இருக்கிறது.

ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்திருக்கிறோம். கீழே சிமெண்டுக் கடை. குழாயில் வருவது உப்புத்தண்ணீர், சோப்பு நுரைக்கவில்லை. காலுறைகளை உதறினால் அரைப்படி மணல்.

டெரன்ஸ் கூப்பிட்டிருக்கிறார். சிக்னல் சரியாக இல்லை.

ஜூலை 5, சனி

முகத்துவாரத்திலிருந்து முதல் பாதை. கரையோரமாகவே போகும் என்று நினைத்தோம். கரையில் அரைமணி நடந்ததுமே கால் ஓய்ந்துவிட்டது. ஊர்க்காரர்கள் அப்படி நடப்பதில்லை. மணல்மேட்டுக்குப் பின்னால், கடல் காதில் விழும் ஆனால் கண்ணில் படாத ஒரு தடம் இருக்கிறது. கீழே அடப்பங்கொடி படர்ந்து மண்ணை இறுக்கிப் பிடித்திருப்பதால் கால் புதையவில்லை. இரண்டு பக்கமும் உடைமரங்கள் குடை விரித்தது மாதிரி தட்டையாக நிற்கின்றன. கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. பேச வாய் திறந்தால் பல்லில் மண்.

பையின் இடுப்புப் பட்டையை மாட்ட முடியவில்லை. தழும்பில் உரசுகிறது. தோளிலேயே முழுக் கனத்தையும் வைத்துக்கொண்டேன்.

“என்னக்கா ஆபரேஷனா?” என்று நிஷா கேட்டாள்.

“குடல்வால்,” என்றேன்.

ஜூலை 7, திங்கள்

காற்று அதிகம். நடக்கவில்லை. துணி துவைத்தேன்.

ஜூலை 9, புதன்

இன்று பார்த்த பாதை இதுவரை பார்த்ததில் அழகானது. பனங்காட்டுக்குள் நுழைந்து, ஒரு பழைய கல்கிணற்றைத் தொட்டு, சட்டென்று கடலுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்துகிறது. நிஷா நிறைய படம் எடுத்தாள். வெளியூர்க்காரர்கள் நிச்சயம் இங்கே உட்காருவார்கள் என்று குறித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு பெண் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் செம்பு நிறைய மோந்து கொடுத்தாள். எங்கிருந்து வருகிறோம், என்ன வேலை, இந்த வெயிலில் எதற்கு அலைகிறோம் என்று விசாரித்தாள்.

“கல்யாணம் ஆயிட்டா?” என்று என்னைக் கேட்டாள்.

“ஆயிட்டு.”

“பிள்ளைய?”

“ஒண்ணு. பொம்பளப் பிள்ள.”

“யாரு பாத்துக்கிடுதா?”

“அவங்க அத்தை வீட்டுப் பக்கம் இருக்கா,” என்றேன்.

நிஷா குடித்துக்கொண்டிருந்த செம்பை இறக்கி என்னைப் பார்த்தாள். பாதை முழுக்க அவள் பேசாமல் வந்தது இதுதான் முதல் தடவை.

ஜூலை 10, வியாழன்

காலையில் இட்லிக்கடையில் நிஷா கேட்டாள். “பாப்பா இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லியேக்கா. போன்ல ஒரு போட்டோகூட இல்ல. நான் ஏதும் தப்பா கேக்கனா?”

அவளிடம் சொல்லிவிட்டேன். சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் மாதம், நாள் நெருங்கியிருந்த நேரத்தில், திடீரென்று ரத்தப்போக்கு. மயக்கம் கொடுத்து வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பிள்ளை முன்பே போய்விட்டிருந்தது. எனக்கு நினைவு திரும்பச் சில நாள் ஆயிற்று. நான் பிழைப்பேனா என்பதே அப்போது தெரியாதாம். அதற்குள் டெரன்ஸ் பிள்ளையைப் புன்னந்தாழைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார். நான் அவளைப் பார்க்கவில்லை. பொம்பளைப் பிள்ளை என்று சொன்னார்கள்.

நிஷா தட்டில் இருந்ததைச் சாப்பிடவே இல்லை. “அவுக மேல கோவமாக்கா?” என்றாள்.

“இல்ல. அவரு வேற என்ன செய்திருக்க முடியும்?”

“அப்ப ஏன் அவுக போன எடுக்க மாட்டிக்கிய?”

சிக்னல் இல்லை என்றேன். அவள் தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே பைக்குள் வைத்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலை இல்லை. நிஷா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். பையன் குவைத்தில் இருக்கிறான். “பிடிக்கலன்னா சொல்லிருவேன்கா, எங்க வாப்பா கேப்பாரு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் டெரன்ஸ் கூப்பிட்டபோது எடுத்தேன்.

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். நீங்க?”

“ஆச்சு. எதுவரைக்கும் வந்திருக்க?”

“பாதிக்கு மேல. இன்னும் நாலு ஊரு.”

அவர் வேலை செய்யும் ஐஸ் ஃபேக்டரியின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கிறார் போல.

“கோமதி, புன்னந்தாழைக்கு நான் இல்லாம போயிராத. அங்க உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“இப்பச் சொல்லுங்க.”

“போன்ல வேண்டாம்.”

சரி என்று வைத்துவிட்டேன். பிறகு அறையைக் கூட்டினேன். கதவுக்கடியில் எவ்வளவு துணியை அடைத்தாலும் மணல் உள்ளே வந்துவிடுகிறது.

ஜூலை 15, செவ்வாய்

திருநெல்வேலி அலுவலகத்திலிருந்து சண்முகராஜன் சார் பேசினார். திட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. செயற்கைக்கோள் படங்களை வைத்து எங்கள் பகுதியின் கடைசித் துண்டை அவரே தோராயமாக வரைந்திருக்கிறார். புன்னந்தாழைக்கு வடக்கே இந்தக் கரையிலேயே உயரமான மணல்மேடு ஒன்று இருக்கிறது. பாதையை அதன் மேல் நேராக ஏற்றி, உச்சியில் பார்வைக் கோபுரம் கட்டலாம் என்கிறார். அங்கிருந்து பார்த்தால் கடலும் ஊரும் மாதா கோவில் கோபுரமும் ஒன்றாகத் தெரியும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு குழு பார்வையிட வருகிறது.

“உங்க பகுதிக்கு அதுதான்மா முத்தாய்ப்பு,” என்றார்.

படத்தைத் திறந்து பார்த்தேன். நல்ல இடமாகத்தான் தெரிகிறது.

ஜூலை 17, வியாழன்

நடந்து நடந்து புன்னந்தாழைக்கே வந்துவிட்டோம். டெரன்ஸ் இல்லாமல் போகக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் வேலை அட்டவணை இன்றைக்கு என்று இருக்கிறது.

ரெஜினாள் மதினி வீட்டில் தங்கச் சொல்லிவிட்டார். டெரன்ஸின் அக்கா. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார், ஒரே மகன் கப்பலில் வேலை. மதினி அதிகம் பேசுகிறவர் இல்லை. நான் சங்கரன்கோவில்காரி, சாமி வேறு என்று கல்யாணத்தின்போது வீட்டில் பெரிய பேச்செல்லாம் நடந்தது. அப்போதும் மதினி எனக்காகவோ எனக்கு எதிராகவோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைக் கண்டால் இன்னும் எனக்குக் கொஞ்சம் பயம்.

இன்று என்னைப் பார்த்ததும், “மெலிஞ்சிட்டிய,” என்று மட்டும் சொன்னார். சாளை மீன் குழம்பு வைத்தார். நிஷா கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை மதினி எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையைப் பற்றிக் கேட்கலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். இரண்டு தடவையும் குழம்பு ஊற்றினார்.

ஜூலை 18, வெள்ளி

காலையில் வேலைக்குக் கிளம்பினோம். கோவிலுக்கு வடக்கே கல்லறைத் தோட்டம். அதன் சுற்றுச்சுவரைக் கடந்ததும் சண்முகராஜன் சார் சொன்ன மணல்மேடு. வெள்ளை மணல், ஏறுவதற்குச் சிரமம் இல்லாத சரிவு. படத்தில் பார்த்ததைவிட நேரில் பெரியது. அதன் மேல் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

மீன் விற்கப் போகும் பெண்கள் நான்கைந்து பேர் எங்களுக்கு முன்னால் போனார்கள். பக்கத்து ஊருக்குப் போக அந்த மேட்டின் வழிதான் குறுக்கு. ஆனால் மேடு தொடங்கும் இடத்தில் அவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மேற்கே முட்காட்டுக்குள் இறங்கி, மேட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தலையில் மீன் கூடை. முள் சேலையைப் பிடித்து இழுக்கிறது. ஒரு கையால் விலக்கி விலக்கிப் போகிறார்கள். மறுபுறம் போனதும் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

“நேரா போனா என்னக்கா? பாம்பு கீம்பு இருக்குமோ?” என்று நிஷா கருவியோடு மேட்டில் கால் வைக்கப் போனாள்.

பின்னாலிருந்து ரெஜினாள் மதினியின் குரல் கேட்டது. “அங்கன போவாத பிள்ள.”

எங்களைத் தொடர்ந்தே வந்திருக்கிறார் போல. மூச்சு வாங்கியது. நிஷாவிடம்தான் பேசினார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இது பிள்ளமேடு. செத்துப் பொறக்கிற பிள்ளைய, பொறந்து ஞானஸ்நானத்துக்கு முந்தி போயிர்ற பிள்ளைய, அதுகள இங்கதான் வைக்கது. முன்ன கல்லறத் தோட்டத்துக்குள்ள விட மாட்டாவ. இப்ப விடுதாவ. ஆனாலும் இங்கதான் வைக்கோம். அடையாளம் வைக்கது கெடையாது, யாரும் பேசுததும் கெடையாது. ஆம்பளைய யாராவது விடியக்காலம் கொண்டாந்து வைப்பாவ. பெத்தவளுக்குக்கூட இந்தப் பக்கம்னு மட்டுந்தான் தெரியும்.”

நிஷா காலைப் பின்னுக்கு எடுத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மதினி என்னிடம் வந்தார். “சாமியாரு உள்ளயே எடம் தாரேன்னாரு, கோமதி. நாந்தான் டெரன்ஸுகிட்ட சொன்னேன். உள்ள எல்லாம் பெரிய ஆளுவ. தனியா கெடக்கும். இங்கன்னா பிள்ளைங்களோட கெடக்கும்னேன். குளிப்பாட்டுனதும் நாந்தான். வெந்நிதான் வச்சேன்.”

நான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

இன்று எந்தப் பாதையையும் குறிக்கவில்லை.

ஜூலை 19, சனி

டெரன்ஸுக்கு நானே போன் செய்தேன். நாளைக் காலை வருகிறார்.

ஜூலை 20, ஞாயிறு

முதல் பஸ்ஸில் வந்தார். சட்டைப்பையில் எனக்கு வாங்கிய மாத்திரை அட்டை. இரும்புச் சத்து மாத்திரை, நான் தூத்துக்குடி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது. மதினி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பினோம். ஊர் திருப்பலியில் இருந்தது.

மேட்டின் அடியில் செருப்பைக் கழற்றினோம். அவர் முன்னால் ஏறினார். ஓர் உடைமரம் வரைக்கும் போய், அதைச் சுற்றி வந்தார். கிழக்கே கொஞ்சம் நடந்தார். திரும்பினார். மறுபடியும் மரத்துக்கு வந்தார். மரம் என்றால் முழு மரம் இல்லை, மணலுக்கு மேலே கிளைகள் மட்டும் தெரிந்தன.

“இங்கதான்,” என்றார். இரண்டு எட்டு தள்ளிப் போய், “இல்ல, இங்க,” என்றார்.

அப்புறம் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏப்ரல்ல இந்த மரத்தோட தூரு தெரிஞ்சிது கோமதி. தூருக்கு நேரா ஒரு செங்கல் வச்சேன். அடையாளம் வைக்கக் கூடாதுன்னு அக்கா சொன்னா. நீ வந்து கேப்பேன்னு தெரியும், அதனால வச்சேன். மே மாசம் வந்தப்ப இருந்திச்சு. கச்சான் ஆரம்பிச்சப்புறம் வந்தேன், மேடே எடம் மாறிக் கெடக்கு. ஒவ்வொரு வாரமும் வந்து தேடுதேன். அதச் சொல்லத்தான் உனக்குக் கூப்பிட்டேன். நீ எடுக்கல. எடுத்த அன்னைக்கு எனக்குச் சொல்ல வாய் வரல.”

அவர் மண்டியிட்டுக் கையால் மணலைத் தள்ள ஆரம்பித்தார். தள்ளத் தள்ள மேலிருந்து சரிந்து நிரம்பியது. வேறோர் இடத்தில் தள்ளினார். அவர் வாராவாரம் இங்கே இப்படித்தான் செய்திருக்கிறார். நகக்கண்ணெல்லாம் பிய்ந்திருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. மெஷின் வேலையில் அடிபட்டது என்று ஜூன் மாதம் சொல்லியிருந்தார்.

போய் மணிக்கட்டைப் பிடித்தேன். “தோண்டாதீங்க. பக்கத்துல யாரோட பிள்ளை இருக்கோ.”

அவர் கையை எடுத்தார். தொலைத்துவிட்டேன் என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டேன்.

“எப்படி இருந்தா?”

“நெறைய முடி. ஈரமா, நெத்தியெல்லாம் ஒட்டிக் கெடந்துது. காது உன் காது மாதிரியே, மடங்குன காது. கைய இப்படி மூடி வச்சிருந்தா.” மூடிக் காட்டினார். “கனமா இருந்தா, கோமதி. கொண்டுவரும்போது கார்ல மடியிலதான் வச்சிருந்தேன். தூங்குத பிள்ளைய வச்சிருக்கிற மாதிரிதான் இருந்துது.”

“பேரு ஏதும் சொன்னீங்களா?”

“அக்காதான் தண்ணி ஊத்தி ஒரு பேரு சொல்லுன்னா. அந்த நேரம் ஆஸ்பத்திரியில உனக்கு என்ன ஆகும்னு தெரியாது. எனக்கு வேற பேரே வரல. கோமதின்னுட்டேன்.”

அதற்குமேல் நடந்ததை எழுத முடியவில்லை. மணல் சுடத் தொடங்கும்வரை அங்கேயே இருந்தோம். இறங்கும்போது அவர் கையை விடவில்லை. எந்த இடம் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அந்த மேடு முழுக்க என்று வைத்துக்கொண்டோம்.

ஜூலை 21, திங்கள்

பார்வைக் கோபுரத்துக்கு எத்தனை ஆழம் தோண்டுவார்கள் என்று நிஷாவிடம் கேட்டேன். அவள் வரைபடத்தை மூடி வைத்தாள்.

ஜூலை 23, புதன்

திருநெல்வேலி அலுவலகம். நிஷாவும் கூட வந்தாள். பாதையை மேட்டின் மேல் கொண்டுபோக வேண்டாம், மேற்கே பெண்கள் நடக்கும் தடத்தில் திருப்பிவிடலாம் என்று சண்முகராஜன் சாரிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் மோசமான மனிதர் இல்லை. கணினியைத் திருப்பிக் காட்டினார். “இது புறம்போக்கும்மா. மயானம்னு எங்கேயும் பதிவு இல்ல. ஊர்க் கமிட்டிகிட்ட கேட்டாச்சு, ஆட்சேபணை இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

“கமிட்டியில எல்லாரும் ஆம்பளைங்க சார். அவங்க இதப் பத்திப் பேச மாட்டாங்க.”

“பேசாத விஷயத்தை நான் என்னன்னு எழுதி மேல அனுப்புறது? உங்களுக்கு யார் சொன்னா? வதந்தியாகூட இருக்கலாமே.”

“என் பொண்ணு அங்க இருக்கா சார்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “ரெண்டு பேர் கேட்ட பகுதி அது. நீங்க லீவுல இருந்தவங்க, வீட்ல இருந்து நாலு தடவை போன் பண்ணி, எனக்குத்தான் வேணும்னு விடாம நின்னீங்க. அப்ப எனக்குப் புரியல,” என்றார்.

முதல் நாள் இதே நோட்டில், யாரும் கேட்காத பகுதி என்று எழுதியிருக்கிறேன். நிஷா என் பக்கம் திரும்பவில்லை.

கடைசியில் அவர் சொன்னது இது: “சுத்துத் தடம் இப்ப முள்ளுக்காடு. அதப் பாதைன்னு குழுவுக்குக் காட்ட முடியாது. நாலாம் தேதி அவங்க வரும்போது ரெண்டு பேர் சேந்து நடக்கிற மாதிரி இருந்தா, நான் அதையே பாதைன்னு சொல்லிடறேன். கோபுரம் வேற எங்கயாவது போகட்டும். இல்லைன்னா பழைய கோடுதான். ஆள் விட்டு வெட்ட எனக்கு இப்ப அனுமதி இல்ல. ஊர்ல ஏற்பாடு பண்ண முடியுமா பாருங்க.”

ஜூலை 27, ஞாயிறு

திருப்பலி முடிந்ததும் மதினி வீட்டில் பெண்களை வரச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். கோபுரம் என்றதும் ஒருத்தி நெஞ்சில் கை வைத்தாள். ஆனால் முள் வெட்ட வர முடியுமா என்று கேட்டதும் எல்லார் கண்ணும் தரைக்குப் போய்விட்டது.

செலஸ்டின் என்று ஒரு பெண், மீன் கூடையோடு அன்று முன்னால் போனவள், அவள்தான் பேசினாள். “அருவா எடுத்துட்டு அங்க வந்து நின்னா, இவளுக்கும் ஒண்ணு இருக்குன்னு ஊருக்குத் தெரியும் பாத்துக்கோங்க. எம் மாமியாருக்கே இன்னும் தெரியாது, அம்மா வீட்ல வச்சு நடந்தது. எம் பொண்ணுக்கு இப்பத்தான் மாப்பிள்ள பாக்குதோம். ராசியில்லாத வயிறுன்னு ஒரு பேச்சு வந்தா அவளுக்கும் சேத்துத்தான்.”

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மதினி காப்பித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

நானும் அவர்களைக் குறை சொல்லவில்லை. குடல்வால் என்று சொன்னவள் நான்.

ஜூலை 30, புதன்

நிஷா அந்தக் குவைத் மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்றானாம். “வாப்பா ஒண்ணும் சொல்லலக்கா. உம்மாதான் ரெண்டு நாளா பேச மாட்டிக்கா.” நாங்கள் இருவரும் வடக்கேயுள்ள பாதைகளின் குறிப்புகளை எல்லாம் முடித்துவிட்டோம். வரைபடத்தில் கடைசித் துண்டு மட்டும் வெறுமையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு டெரன்ஸ் வந்தார். விடிந்ததும் நானும் அவரும் நிஷாவும் அரிவாளோடு போனோம். மூன்று பேர் வெட்டி முடிக்கிற காடு இல்லை அது. உடைமுள் வெட்டினால் விழாது, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தொங்கும். டெரன்ஸ் வெட்டினார், நான் கவைக்கம்பால் இழுத்துப் போட்டேன். நிஷாவுக்குக் கையில் ரத்தம். குனிந்து நிமிரும்போதெல்லாம் தழும்பு இழுத்தது. இவ்வளவுதான் முடியும், முடிந்தவரை செய்துவிட்டுப் போகலாம் என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன்.

வெயில் ஏறத் தொடங்கியபோது ரெஜினாள் மதினி வந்தார். கையில் நீளக் கம்பு கட்டிய அரிவாள். எங்களிடம் ஒன்றும் கேட்காமல் மறுமுனைக்குப் போய் வெட்ட ஆரம்பித்தார். ஊருக்கு நன்றாகத் தெரிகிற முனை அது. கோவிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கொஞ்சம் கழித்து ஒரு கிழவி வந்தாள். அவளுக்கு வெட்டத் தெம்பில்லை. வெட்டிப் போட்ட கிளைகளை ஓர் ஓரமாக அடுக்கினாள். பிறகு இரண்டு பெண்கள். பிறகு ஒரு கூட்டமாகவே வந்தார்கள், அன்று மதினி வீட்டுக்கு வராதவர்களும். எல்லாருக்கும் கடைசியில் செலஸ்டின் வந்தாள். கூடவே அவள் மகள், கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண். அந்தப் பெண்ணின் கையிலும் அரிவாள் இருந்தது.

யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. பாதி வெட்டியானதும் நிழலில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோதுதான் அந்தக் கிழவி மேட்டைப் பார்த்துச் சொன்னாள். “என் பிள்ள அந்தக் கடலுப் பக்கம். இருந்தா இப்பப் பேரன் பேத்தி எடுத்திருப்பான்.”

“எனக்கு மேல, பனைக்கு அங்கிட்டு,” என்றாள் இன்னொருத்தி.

அப்படியே ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பெயர் இல்லை, வருடம் இல்லை, திசை மட்டும். செலஸ்டின் மகளின் தோளில் கை வைத்துக்கொண்டு கையை நீட்டிக் காட்டினாள். நானும் சொன்னேன். “என்னது அந்த உடமரத்துப் பக்கம். சரியாத் தெரியாது.”

“யாருக்குத்தான் சரியாத் தெரியும்?” என்றாள் கிழவி.

மதினி தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துத் தம்ளரை நிறைத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னது ரெண்டு,” என்றார். “மவனுக்கு முந்தி ஒண்ணு. அவனுக்கு அப்புறம் ஒண்ணு. ரெண்டும் அந்த உடமரத்துப் பக்கந்தான்.”

டெரன்ஸ் வெட்டிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். அவருக்குத் தெரியாது. அப்போது அவர் ஆஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாராம், வீட்டில் யாரும் சொல்லவில்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அக்காவிடம் வந்தார். முன்னால் நின்றார். மதினி தம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

“குடிச்சிட்டு வெட்டுல,” என்றார். “வெயிலு ஏறுது.”

அவர் குடித்தார். பிறகு அக்காவின் பக்கத்தில் நின்றே வெட்டினார். மாலைக்குள் பாதை திறந்துவிட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

குழு வந்தது. சண்முகராஜன் சாரோடு ஐந்தாறு பேர். கல்லறைத் தோட்டத்துச் சுவரைக் கடந்ததும் ஓர் அதிகாரி நின்று, மேட்டையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். “நேரா ஏறினா நல்லா இருக்குமே. எதுக்கு இந்தச் சுத்து?” என்றார்.

சண்முகராஜன் சார் என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள், வழியோரம் மீன் கூடையை இறக்கி வைத்திருந்த செலஸ்டின் சொன்னாள்.

“இங்க நடக்கிறவுக எல்லாம் இப்படித்தான் சார் நடப்போம்.”

அவர் சரி என்று தலையாட்டினார். எல்லாரும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.